பெர்க்லி ஸ்டேடியக் கடன்: 2032 வருவதற்குள் முழுக் கணக்கைக் காட்டுங்கள்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான ரீஜென்ட்கள் அனைவருக்கும்,

வணக்கம். பெர்க்லி வளாகத்தில் இருக்கும் மெமோரியல் ஸ்டேடியத்தின் புதுப்பிப்புக் கடன் பற்றியது இந்த மடல். கடன் வாங்கியபோது வகுத்த திட்டப்படி 2032 வரை வட்டி மட்டும் கட்டினால் போதும். அசல் அதற்கு அப்புறம்தான். அந்த வருடம் இப்போது எட்டிப் பார்க்கும் தூரத்துக்கு வந்துவிட்டது. அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இந்த ஸ்டேடியத்தின் வரவு, செலவு, கடன் மூன்றையும் பிரித்துப் போடாமல் ஒரே இடத்தில் எழுதி, வருடா வருடம் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

நான் ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். என் மகள் பெர்க்லியில் படிக்கிறாள். உங்கள் கூட்டங்களில் பொதுமக்கள் பேசலாம்தான், ஆனால் கிடைப்பது ஓரிரு நிமிடம். இந்த விஷயத்துக்கு அது பத்தாது. ஆங்கிலத்தில் ஒரு படி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வந்து சேரும். தமிழில் எழுதக் காரணம், இந்த விரிகுடாப் பகுதியில் பிள்ளைகளைப் பெர்க்லிக்கு அனுப்பியிருக்கிற, அனுப்ப ஆசைப்படுகிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இந்த ஸ்டேடியத்தில் ஆடும் அமெரிக்க ஃபுட்பால் என்றதும் அவர்களில் பலருக்கு ‘நமக்கென்ன’ என்றுதான் தோன்றும். எனக்கும் அந்த ஆட்டத்தின் விதிகள் முழுசாகப் பிடிபட்டதில்லை. கணக்கு புரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேடியத்தைச் சரிசெய்தது தப்பு என்று நான் வாதாட வரவில்லை. முதல் உலகப் போரில் இறந்த கலிஃபோர்னியர்களின் நினைவாகக் கட்டி, 1923 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டுடனான ஆட்டத்தோடு திறந்த கட்டடம் அது. கட்டிய இடம்தான் வம்பு. ஹேவர்ட் நிலப்பிளவு ஒரு கோல்போஸ்ட் பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியே போகிறது. 1868 அக்டோபரில் பெரிய நிலநடுக்கத்தைக் கொடுத்த அதே பிளவு. எங்கள் ஃப்ரீமாண்ட் வழியாகவும் அதுதான் போகிறது, ஆகையால் அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. நிலநடுக்கம் வராத நாளிலும் அது சும்மா இருப்பதில்லை. வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்று நிலத்தை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. பழைய வெளிச்சுவரில் பிளவு கடக்கும் இடத்தில் போய் நின்றால், ஒரே நேர்க்கோட்டில் வார்த்த கான்கிரீட் இரண்டாக விலகி, ஒரு பக்கம் முன்னாலும் ஒரு பக்கம் பின்னாலும் நிற்பது கண்ணுக்கே தெரியும். 1990-களின் இறுதியில் நடந்த ஆய்வில் இந்தக் கட்டடத்துக்கு நிலநடுக்கப் பாதுகாப்பில் மோசம் என்றே மதிப்பீடு வந்தது. ஆட்டம் நடக்கும் சில சனிக்கிழமைகளில் கூடும் கூட்டம் ஒரு பக்கம். பார்வையாளர் படிகளுக்கு அடியில் தினமும் உட்கார்ந்து வேலை பார்த்த பயிற்சியாளர்கள், ஊழியர்கள், உடற்பயிற்சி செய்த மாணவர்கள் இன்னொரு பக்கம். அவர்களை அங்கேயே விட்டுவைத்திருக்க முடியாது.

செய்த வேலையும் சாதாரண வேலை இல்லை. பிளவுக்கு நேர் மேலே வரும் பகுதிகளைச் சுற்றியுள்ள கட்டடத்திலிருந்து வெட்டி, தனித் துண்டுகளாக நிறுத்தினார்கள். நிலம் பக்கவாட்டில் ஆறடியும் மேல்கீழாக இரண்டடியும் நகர்ந்தாலும் அந்தத் துண்டுகள் தம்போக்கில் அசைந்து கொடுக்கும், பக்கத்துப் பகுதியை இடித்து நொறுக்காது. பூமியோடு சண்டை போடாமல் அதற்கு வழிவிடுகிற யோசனை. அதைச் செய்த பொறியாளர்களுக்கு ஒரு கும்பிடு. வெளிச்சுவரின் பழைய அழகையும் கெடுக்காமல் காப்பாற்றினார்கள்.

ஆக, வேலை வேண்டியதுதான். அதற்குப் பணம் வந்துவிடும் என்று எதை வைத்து நம்பினீர்கள்? என் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2010 ஜனவரியில் 32.1 கோடி டாலர் புதுப்பிப்புக்கு உங்கள் குழு அனுமதி கொடுத்தது. பக்கத்திலேயே விளையாட்டு வீரர்களுக்கான சிம்ப்சன் மையம் வேறு. இரண்டும் சேர்ந்து 47.4 கோடி டாலர், பெரும்பகுதி கடன். ஒரு கல்லூரி விளையாட்டு வசதிக்காக அதுவரை யாரும் அவ்வளவு கடன் வாங்கியதாகத் தெரியவில்லை. மாணவர் கட்டணத்திலிருந்தோ மாநில வரிப்பணத்திலிருந்தோ காசு எடுக்கமாட்டோம், ஸ்டேடியம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று அப்போது சொன்னார்கள்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். 2009 நவம்பரில்தான் நீங்கள் மாணவர் கட்டணத்தை 32 சதவீதம் ஏற்றினீர்கள். வகுப்புகள் நடக்கும் வீலர் ஹால் கட்டடத்துக்குள் மாணவர்கள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளமில்லாத கட்டாய விடுப்பு. அதே நவம்பரில் பெர்க்லியின் ஆசிரியர் மன்றம், விளையாட்டுத் துறைக்கு வளாகப் பணத்தைக் கொட்டுவதை நிறுத்துங்கள் என்று தீர்மானம் போட்டது. ஓட்டு இரண்டு பக்கமும் விழுந்தது, ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. இரண்டே மாதத்தில் ஸ்டேடியத்துக்கு அனுமதி. தீர்மானம் ஆலோசனைதான், உங்களைக் கட்டுப்படுத்தாது, சரி. ஆனால் கணினித் துறையின் பிரையன் பார்ஸ்கி போன்ற பேராசிரியர்கள் எழுப்பிய கேள்வி ஃபுட்பால் பிடிக்குமா பிடிக்காதா என்பதில்லை. இந்தக் கூட்டல் கழித்தலை வெளியாள் ஒருவர் சரிபார்த்தாரா என்பதுதான். அதற்கு நேரான பதில் இன்றுவரை என் கண்ணில் படவில்லை.

பணத்துக்கு வைத்திருந்த திட்டத்தின் பெயரிலேயே அறக்கட்டளை நிதி என்பது இருந்தது. நல்ல இடத்தில் இருக்கிற ஏறத்தாழ 3,000 இருக்கைகளை 40, 50 வருடத்துக்கு உரிமையாக விற்பது. ஒரு இருக்கை நாற்பதாயிரம் டாலரில் தொடங்கி இரண்டு லட்சத்தையும் தாண்டும். வரும் பணத்தை முதலீடு செய்து, அதன் வருமானத்தில் கடனைக் கட்டிக்கொண்டு போய், கடைசியில் மிச்சம் விழுவது விளையாட்டுத் துறைக்கு நிரந்தர நிதி. இலக்கு ஏறத்தாழ 27 கோடி டாலர். காகிதத்தில் பார்த்தால் அருமையாகத்தான் இருக்கிறது. கடன் தீரும், நிதி சேரும், யாருக்கும் நஷ்டமில்லை.

ஓட்டை எங்கே என்றால், இருக்கை எடுத்தவர்கள் முழுத் தொகையையும் அன்றே கட்ட வேண்டியதில்லை. பல வருடத் தவணையில் கட்டலாம். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் இருக்கையை விட்டுவிட்டு நடையைக் கட்டலாம். மீதிப் பணத்துக்கு அவர்களைப் பிடித்து வைக்க வழியில்லை. 2008-க்கு அப்புறம் அமெரிக்காவில் யாருடைய வீடு நிலைக்கும், யாருடைய வேலை நிலைக்கும் என்று தெரியாத நேரத்தில், 50 வருடம் ஃபுட்பால் பார்க்கப் பணம் கட்டுவேன் என்று ஒருவர் சொன்ன சொல்லைக் கையிலிருக்கிற பணமாக எழுதிவைத்தீர்கள். மொய் வரும் என்று நம்பி மண்டபத்துக்கும் சமையலுக்கும் கடன் வாங்குகிற கல்யாண வீடு எங்கள் ஊரிலும் உண்டு. அங்கேகூட யார் யார் எவ்வளவு வைப்பார்கள் என்று பழைய மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடன் வாங்குவார்கள்.

அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. 2011 சீசனை சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜயண்ட்ஸின் பேஸ்பால் மைதானத்தில் ஆடி முடித்து, 2012 செப்டம்பர் முதல் தேதி புது ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம் ஆடினார்கள். நெவாடாவிடம் தோற்றார்கள். அந்த வருடம் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. அடுத்த வருடம் ஒன்றுக்குப் பதினொன்று. லட்சக்கணக்கில் கொடுத்து ஐம்பது வருடத்துக்கு இருக்கை வாங்க யார் வருவார்கள்? 27 கோடி இலக்கை எட்டவில்லை. தோற்றதற்கு ஆட்டக்காரர்களைக் குறைசொல்ல மாட்டேன். எந்த அணிக்கும் இரண்டு மோசமான வருடம் வரும். அப்படி வந்தால் என்ன ஆகும் என்று திட்டத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டாமா?

அதே வளாகத்தில் நடந்த இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2010 செப்டம்பரில், செலவைக் குறைக்கிறோம் என்று பேஸ்பால், ஆண்கள் பெண்கள் இருபாலரின் ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் லக்ராஸ் நான்கையும் நிறுத்துவதாகவும் ரக்பியை ஒரு படி இறக்குவதாகவும் அறிவித்தார்கள். பழைய மாணவர்கள் ஓடி ஓடிப் பணம் திரட்டினார்கள். 2011 பிப்ரவரியில் மூன்றை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பேஸ்பாலுக்கும் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் திரண்ட பணம் பத்தாது, பல வருடத்துக்குத் தாங்கும் அளவு காட்டுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அலைந்து திரட்டிய பிறகுதான் அவை பிழைத்தன. சாவின் விளிம்பிலிருந்து மீண்ட அந்த பேஸ்பால் அணி அதே வருடம் கல்லூரி உலகத் தொடர் வரை போய் எல்லோரையும் வாயடைக்க வைத்தது, அது வேறு சந்தோஷம். பேஸ்பாலிடம் இவ்வளவு கறாராகக் கேட்கத் தெரிந்த நிர்வாகம், அதைவிடப் பல மடங்கு பெரிய ஸ்டேடியத்திடம் ஏன் கேட்கவில்லை? சின்ன ஆளிடம் ரொக்கம், பெரிய ஆளிடம் வாய்ச்சொல் என்பது எந்த ஊர் நியாயம்?

பெர்க்லியில் தமிழுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை இருப்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஜார்ஜ் ஹார்ட் அதன் முதல் பேராசிரியர். அதற்கு இங்கிருந்த தமிழர்கள் நன்கொடை சேர்த்துப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். பணம் முதலில் கைக்கு வந்தது, அசலைத் தொடாமல் அதன் வருமானத்தில் இருக்கை நடக்கிறது. அறக்கட்டளை நிதி என்றால் உங்கள் பல்கலைக்கழகத்தின் மற்ற எல்லா மூலையிலும் அர்த்தம் இதுதான். ஸ்டேடியத்துக்கு மட்டும் வரப்போகிற பணத்துக்கு அந்தப் பெயரை வைக்க யார் அனுமதித்தது?

சரி, நாலு கோடி, ஐந்து கோடி பற்றாக்குறை என்றால் எங்கேயாவது சமாளித்துவிடலாம். இங்கே வட்டி மட்டும் வருடத்துக்கு ஏறத்தாழ 1.8 கோடி டாலர். இருபது வருடம் வட்டியாகவே கட்டினால் 36 கோடி. அதைக் கட்டி முடித்த அன்றும் அசல் அப்படியே நிற்கும், ஏறத்தாழ 44 கோடி. ஒரு வீட்டுக் கடனை இப்படி வாங்கியிருந்தால் வங்கி மேலாளரே கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டாம் தடவை யோசிக்கச் சொல்லியிருப்பார்.

உங்கள் கணக்காளர்கள் சொல்வது எனக்குத் தெரியும். கடன் பல்கலைக்கழகத்தின் பொது வருவாயை ஈடாக வைத்து விற்ற பத்திரங்கள். பல்கலைக்கழகத்தின் கடன் தரம் உயர்ந்தது. அதனால் வட்டி குறைவு. அப்போது குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் வாங்கியது புத்திசாலித்தனம். ஒப்புக்கொள்கிறேன். பொது வருவாயை ஈடாக வைத்தது என்றால் என்ன அர்த்தம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்டேடியம் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுவார்கள் என்று அர்த்தம். கடன் கொடுத்தவர்களுக்கு அந்த உண்மை முதல் நாளே தெரியும், அதனால்தான் குறைந்த வட்டிக்குக் கொடுத்தார்கள். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் ‘ஸ்டேடியம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்’ என்ற கதை.

2018-ல் அந்தக் கதை முடிந்தது. வளாகத்தின் அப்போதைய தலைவரான சான்சலர் கேரல் கிறிஸ்ட், விளையாட்டுத் துறையின் தலையிலிருந்த கடனில் பாதிக்கும் மேல், ஏறத்தாழ 23.8 கோடி டாலரை, வளாகத்தின் பொதுக் கணக்குக்கு மாற்றினார். அது நிலநடுக்கப் பாதுகாப்புக்கான பங்கு, வேறு எந்தக் கட்டடமாக இருந்தாலும் வளாகம்தானே செலவழித்திருக்கும் என்பது காரணம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன மூட்டையைத் தூக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தவர் அவர். வாதமும் நியாயமான வாதம். ஆனால் அது நியாயம் என்றால் 2010-லேயே நியாயம். அன்றைக்கே, ‘இதில் பாதி பாதுகாப்புச் செலவு, வளாகம் கட்டும், மீதி ஆடம்பரம், இருக்கை விற்றுக் கட்டுகிறோம்’ என்று சொல்லி ஓட்டெடுத்திருந்தால், கிளப் அறைகளும் கண்ணாடி வைத்த பிரஸ் பாக்ஸும் எவ்வளவு வேண்டும் என்று வேறு மாதிரி பேச்சு நடந்திருக்கும். எட்டு வருடம் கழித்து, இருக்கை விற்கவில்லை என்று தெரிந்த பிறகு, பாதியைப் பாதுகாப்புச் செலவு என்று பிரித்தெடுத்தால், அந்தப் பாதி எப்படிப் பாதியானது என்ற சந்தேகம் வரத்தானே செய்யும். எந்தக் கம்பி பாதுகாப்புக்கு, எந்தக் கம்பி பிரஸ் பாக்ஸுக்கு என்று பிரித்த அந்தக் கணக்கை விவரமாக வெளியிடுங்கள். சரியாக இருந்தால் முதலில் வாயை மூடிக்கொள்பவன் நானாகத்தான் இருப்பேன்.

இன்னொரு விளைவும் உண்டு. கடன் இரண்டு கணக்கில் பிரிந்ததும், விளையாட்டுத் துறையின் வரவுசெலவைப் பார்ப்பவருக்குப் பாதிதான் தெரியும். வளாகத்தின் வரவுசெலவைப் பார்ப்பவருக்கு அது ஆய்வகத்துக் கூரை, விடுதிக் குழாய் என்று ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாகக் கலந்துவிடும். பணம் ஒன்றும் குறையவில்லை. பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் குறைகிறது. ஒரே இடத்தில் எழுதுங்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

பெயர் உரிமை விற்ற கதையையும் கொஞ்சம் பேச வேண்டும். 2013-ல் கபாம் என்ற மொபைல் விளையாட்டு நிறுவனம் 15 வருடத்துக்கு 1.8 கோடி டாலர் என்று மைதானத்துக்குத் தன் பெயரை வைத்தது. பெர்க்லியில் படித்தவர்கள் தொடங்கிய நிறுவனம், நல்ல எண்ணம்தான். சில வருடத்திலேயே நிறுவனம் கைமாறி, ஒப்பந்தமும் போயிற்று. 2021-ல் வந்தது எஃப்டிஎக்ஸ். கிரிப்டோ நாணய வியாபாரம். 10 வருடத்துக்கு 1.75 கோடி டாலர். புல்வெளியில் எழுதிய அந்த எழுத்துக்கு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆயுள், 2022 நவம்பரில் நிறுவனம் திவால். எஃப்டிஎக்ஸிடம் ஏமாந்தவர்கள் பட்டியலில் உலகத்துப் பெரிய முதலீட்டாளர்கள் எல்லாம் இருக்கிறார்கள், ஆகவே பெர்க்லியை மட்டும் பார்த்துச் சிரிக்க எனக்கு மனமில்லை. ஆனால் தொகையைக் கவனியுங்கள். கபாம் 15 வருடத்தில் கொடுப்பதாகச் சொன்ன மொத்தப் பணமும் இந்த ஸ்டேடியத்தின் ஒரே ஒரு வருட வட்டி. எஃப்டிஎக்ஸின் பத்து வருடப் பணமும் அப்படியே. இரண்டு பேரும் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் இரண்டு வருட வட்டிதான் தீர்ந்திருக்கும். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் மேடை போட்டுக் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்களே, ‘இது எத்தனை மாத வட்டிக்கு வரும்’ என்று ஒரு நிருபராவது கேட்டிருக்கலாம்.

ஸ்டான்ஃபோர்டை இழுக்காமல் பெர்க்லியைப் பற்றி எழுத முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள். அவர்கள் 2005 சீசன் முடிந்த கையோடு பழைய ஸ்டேடியத்தை இடித்து, 2006 செப்டம்பரில் புதிதைத் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 10 கோடி டாலர். ஜான் அரியாகா என்ற பழைய மாணவர், கட்டுமானத் தொழிலதிபர், நேரில் நின்று வேலை வாங்கினார். ஒப்பிடுவது முழு நியாயமில்லை என்று எனக்கே தெரியும். அவர்கள் தனியார், மைதானத்துக்கு நேர் கீழே பிளவு இல்லை, பழைய சுவரைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை, மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து 21 மாதம் இறங்கமாட்டேன் என்ற போராட்டக்காரர்களும் இல்லை. பெர்க்லிக்கு ஓக் மரங்களுக்காக நடந்த அந்தப் போராட்டமும், நகராட்சியும் மலைக்குடியிருப்புக்காரர்களும் போட்ட வழக்குகளும் நேரத்தைத் தின்றன. இருந்தும் ஸ்டான்ஃபோர்டிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ளலாம். இருக்கைகளைக் குறைத்துக் கட்டினார்கள். நிரம்புகிற அளவுக்கு மட்டும்.

இனி வரப்போவதைப் பார்ப்போம். 2023-ல், பெர்க்லி ஆடிவந்த கல்லூரி அணிகளின் லீக்கான பழைய பசிபிக் கூட்டமைப்பு சிதறியது. பெர்க்லி 2024-லிருந்து அட்லாண்டிக் கடலோரக் கூட்டமைப்பில் ஆடுகிறது. பசிபிக் கரையிலிருந்து அங்கே போய் ஆடுவதில் இருக்கிற வேடிக்கையை விட்டுவிடுவோம். ஒப்பந்தத்தின்படி முதல் ஏழு வருடத்துக்குத் தொலைக்காட்சிப் பங்கில் கிடைப்பது ஏறத்தாழ 30 சதவீதம். எட்டாவது வருடம் 70, ஒன்பதாவது 75. பத்தாவது வருடம்தான் முழுப் பங்கு. வருடங்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், ஸ்டேடியக் கடனின் அசல் தொடங்கும்போது இன்னும் முழுப் பங்கு கைக்கு வந்திருக்காது. கல்லூரி வீரர்கள் போட்ட வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கே வருமானத்தில் பங்கு கொடுக்கலாம், முதல் வருடமான 2025-26-ல் 2.05 கோடி டாலர் வரை. அது வீரர்களுக்கு நியாயமாகச் சேரவேண்டிய பணம், ரொம்ப நாள் பாக்கி. ஆனால் அது எங்கிருந்தோ வந்தாக வேண்டும், ஸ்டேடிய வட்டி வரும் அதே பானையிலிருந்து.

லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் உங்கள் இன்னொரு வளாகமான யுசிஎல்ஏ, ‘பிக் டென்’ என்ற கூட்டமைப்புக்குத் தாவியதால் பெர்க்லிக்கு வந்த நஷ்டத்துக்காக வருடத்துக்கு 1 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி நீங்கள் உத்தரவிட்டீர்கள். பத்திரிகைகள் அதை ஜீவனாம்சம் என்று கேலி செய்தன. நீங்கள் செய்தது சரி என்பேன். ஆனால் அந்தக் கோடியும் ஒரே பல்கலைக்கழகத்தின் இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்குப் போகிற பணம். யுசிஎல்ஏ விளையாட்டுத் துறையும் கடனில்தான் ஓடுகிறது. அதை ஸ்டேடியத்தின் வருமானம் என்று எந்தத் தாளிலும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் பொறுப்பு பற்றி ஒன்று. மாநில அரசியல் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிற சுதந்திரம் பெரியது. ஆளுநர் நியமிக்கும் 18 பேருக்குப் பன்னிரண்டு வருடப் பதவிக்காலம். அரசியல் அழுத்தத்துக்கு வளையாமல் தொலைநோக்கோடு முடிவெடுக்கத்தான் அவ்வளவு நீண்ட காலம். ஆனால் 2010-ல் கை தூக்கியவர்கள், மறுநியமனம் பெறாதவரை, அசலின் முதல் தவணை வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெர்க்லியில் அப்போது இருந்த பர்ஜனோ, பிறகு டர்க்ஸ், கிறிஸ்ட், இப்போது லயன்ஸ் என்று நான்கு சான்சலர்கள். ஸ்டேடியம் திறந்தபோது இருந்த விளையாட்டு இயக்குநரும் போய் வருடங்கள் ஆகிவிட்டன. யாரும் ஓடிப்போகவில்லை, காலம் முடிந்தது, போனார்கள். முடிவெடுத்தவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர் என்று அமைந்துவிட்ட கடனில், நடுவில் இருப்பவர்களாகிய நீங்கள்தான் கணக்குப் புத்தகத்தைப் பத்திரமாகக் கைமாற்ற வேண்டும். இப்போதைக்கு அந்தப் புத்தகத்தின் பக்கங்கள் வெவ்வேறு அலுவலகத்தில் கிடக்கின்றன.

அதனால் நான் கேட்பது இது. உங்கள் நிதிக் கமிட்டியின் ஏதாவது ஒரு கூட்டத்தில், இந்த ஸ்டேடியத்தைத் தனிப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுத் துறையின் பங்கு, வளாகத்தின் பங்கு என்று பிரிக்காமல் மொத்தக் கடன் எவ்வளவு என்று எழுதுங்கள். இருக்கை விற்பனையில் வாக்களிக்கப்பட்டது எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். 2032-லிருந்து ஒவ்வொரு வருடமும் கட்ட வேண்டியது எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் எழுதுங்கள். அணி தொடர்ந்து ஜெயிக்கும் என்று வைத்து ஒரு கணக்கு, தோற்கும் என்று வைத்து ஒரு கணக்கு, இரண்டும் வேண்டும். பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்காத ஒரு தணிக்கையாளர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். ஆசிரியர் மன்றத்துக்கும் மாணவர் சங்கத்துக்கும் கூட்டத்துக்கு முன்னாலேயே அனுப்புங்கள், மேசையில் வைத்துவிட்டு ஓட்டுக் கேட்காதீர்கள்.

மாணவர் கட்டணத்தில் ஒரு வரியாக இதைச் சேர்க்கிற யோசனை எப்போதாவது யாருக்காவது வந்தால், அதை மாணவர்களிடம் நேராகக் கேட்டு ஓட்டெடுங்கள். வேறு பெயரில் நுழைக்காதீர்கள். உங்கள் பத்து வளாகங்களில் எங்காவது அடுத்த ஸ்டேடியத் திட்டம் வந்தால், கையில் வந்த பணத்தை மட்டும் வரவில் எழுதுங்கள். வரப்போகிறது என்று சொன்ன பணத்துக்குத் தனிப் பத்தி போடுங்கள், கூட்டலில் சேர்க்காதீர்கள்.

ஸ்டேடியத்துக்கு மேலே, கிழக்கே ஒரு மலைச்சரிவு உண்டு. கஞ்சர் மேடு என்று பொருள்படும்படி ஊர்க்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்காமல் ஓசியில் ஆட்டம் பார்க்கிறவர்களின் இடம். அணி புள்ளி எடுத்தால் வெடிக்கிற பீரங்கியும் அங்கேதான் இருக்கிறது, காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லித்தான் மகள் என்னை முதலில் கூட்டிப் போனாள். அங்கிருந்து பார்த்தால் மைதானம் முழுசும், மேற்குப் பக்கத்து விலையுயர்ந்த இருக்கைகளும் தெளிவாகத் தெரிகின்றன. எத்தனை காலியாக இருக்கின்றன என்பதை அங்கே உட்கார்ந்திருக்கிற யார் வேண்டுமானாலும் எண்ணலாம். கடனையும் அதே மாதிரி எண்ண விடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இதை எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கிறீர்கள் என்று உங்கள் செயலர் எழுதினால் போதும். தேதியைச் சொன்னால் வந்துவிடுகிறேன், எனக்குரிய ஓரிரு நிமிடத்தில் பேசிவிட்டு உட்காருவேன்.

இப்படிக்கு,
பெர்க்லி மாணவி ஒருத்தியின் அப்பா,
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா